குடம் நிறையும்போது ஏறுவது சத்தமா, சுருதியா?

மதுரை செல்லூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. "அதிர்வின் வீச்சு கூடினால் உரப்பு கூடும், அதிர்வெண் கூடினால் சுருதி கூடும்" என்று பாடத்தை ஒப்பித்துவிட்டுக் குழாயடிக்குப் போயிருக்கிறாள். குடம் நிறைய நிறையச் சத்தம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. இது உரப்பா, சுருதியா? வீட்டுக்கு வந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் தட்டிப் பார்த்தால், தண்ணீர் கூடக் கூட ஒலி இறங்குகிறது. அங்கே ஏறுகிறது, இங்கே இறங்குகிறது, அப்படியானால் பாடம் தப்பா? மூன்றாவதாக ஒன்றும் கேட்டிருக்கிறாள்: ஓங்கி அடித்தால் சுருதியும் சேர்ந்து ஏறுவது போலத்தானே கேட்கிறது?

மூன்றும் அசல் கேள்விகள். முப்பது வருஷம் இயற்பியல் வகுப்பெடுத்தவன் நான். இந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளிடம் குடத்தைக் காட்டிக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். சூத்திரம் தெரியும். அதை எதன் மேல் போடுவது என்றுதான் தெரியாது.

பாதிக் குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. "ரேடியோவைக் கொஞ்சம் ஏத்தி வை" என்றால் உரப்பைச் சொல்கிறோம். "சுருதியை ஏத்துங்க" என்று பாடுகிறவர் சொன்னால் அது வேறு சமாசாரம். குடத்தில் "சத்தம் ஏறுது" என்னும்போது ஏறுவது இந்த இரண்டில் எது என்று நாம் நின்று யோசிப்பதில்லை. இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. பழந்தமிழ் இசையில் கீழ், நடு, மேல் ஸ்தாயிகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயர். மெலிந்தது கீழே, வலுத்தது மேலே! மேலே போகப் போகத் தொண்டைக்கு வலு வேண்டியிருக்கிறது அல்லவா, பெயர் அந்த அனுபவத்தோடு பொருந்தித்தான் போகிறது. ஆனால் தேர்வுத் தாளில் வலிவையும் உரப்பையும் ஒன்றாக்கி எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

இரண்டும் தனித்தனி என்பதைக் காதால் பிடிக்க ஒரு கோயில் மணி போதும். சாயங்காலம் தீபாராதனை முடியும் நேரத்தில் உங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் பாப்பாவைக் கூட்டிப் போங்கள். நடுவில் அடிக்கும் அடிகளை விட்டுவிடுங்கள். கடைசி அடிதான் முக்கியம், ஏனென்றால் அதற்கப்புறம் மணியை யாரும் தொடமாட்டார்கள். அந்த ரீங்காரம் முழுதாகக் கரையும் வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். உரப்பு வடிந்துகொண்டே போகும். சுருதி எங்கே தொடங்கியதோ அங்கேயேதான் நிற்கும். அதை மனதுக்குள் முனகிப் பிடித்துக்கொண்டால், மணி அடங்கிய பிறகும் அதே இடத்தில் உங்கள் முனகல் இருக்கும். காது கூர்மையாக இருந்தால், ரீங்காரம் சீராக இல்லாமல் ம்ம்ம்... ம்ம்ம்... என்று அலையலையாக வருவதும் கேட்கும். மணியின் வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வார்க்கப்பட்டிருப்பதில்லை. அதனால் நூலிழை வித்தியாசத்தில் இரண்டு அதிர்வுகள் சேர்ந்தே எழுந்து, கூடியும் விலகியும் போவதால் வரும் அலை அது.

அடித்ததும் மணியின் விளிம்பு உள்ளே வெளியே என்று ஆடத் தொடங்குகிறது. எவ்வளவு தூரம் போய் வருகிறது என்பது வீச்சு. ஒரு வினாடியில் எத்தனை தடவை போய் வருகிறது என்பது அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ். நேரம் ஆக ஆகத் தூரம் குறைகிறது, தடவை குறைவதில்லை. அது ஏன் என்றுதான் பாடம் சொல்வதில்லை. உலோகத்தை இரண்டு மடங்கு தூரம் வளைத்தால், அது தன் நிலைக்குத் திரும்ப இழுக்கும் விசையும் இரண்டு மடங்காகிறது. போக வேண்டிய தூரம் இரட்டை, போகும் வேகமும் இரட்டை. ஆகவே நேரம் மாறுவதில்லை. ஊஞ்சலில் சின்னதாக ஆடினாலும் கொஞ்சம் வீசி ஆடினாலும் ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரே நேரம் ஆகிறதே, அதே கதைதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் உரப்பும் சுருதியும் ஏன் ஒன்றையொன்று சாராமல் இருக்க முடிகிறது என்பது விளங்கிவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, 25 செ.மீ. மேஜைக்கு வெளியே நீட்டி, இந்தப் பக்கத்தைக் கையால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியைச் சுண்டுங்கள். வினாடிக்குப் பத்துத் தடவை அளவில் ஆடும். ஆடுவது நன்றாகத் தெரியும், ஒன்றும் கேட்காது. நம் காதுக்கு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். இப்போது பாதியாக உள்ளே இழுங்கள். இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு வேகமாக ஆடும். ஒரு முனையைப் பிடித்த தகட்டுக்கு அப்படித்தான் கணக்கு. நாற்பது ஹெர்ட்ஸ் அளவில் 'புர்ர்' என்று கேட்கும். இன்னும் இழுத்து 6 செ.மீ. மட்டும் நீட்டினால் நூற்றைம்பதைத் தாண்டி 'ர்ரிங்' என்று ஓடும். ஒவ்வொரு நீளத்திலும் மெதுவாக ஒரு தடவை, பலமாக ஒரு தடவை சுண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பலம் மாறினால் உரப்பு மாறும், நீளம் மாறினால்தான் சுருதி மாறும். மேஜை விளிம்பில் ஸ்கேல் தடதடவென்று மோதுகிற சத்தத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சரி, குடத்துக்கு வருவோம். எங்கள் வீட்டில் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, வாசல் குழாயைப் பார்க்காமலே, "குடம் நெறஞ்சிருச்சுடா, போய்த் தூக்கு" என்பாள். ஒரு நாளும் தப்பினதில்லை. அவள் கேட்டது உரப்பை அல்ல, சுருதியை. தண்ணீர் விழும் இடத்தில் 'சள சள' என்று எல்லா அதிர்வெண்ணும் கலந்த ஓர் இரைச்சல் எழுகிறது. குடத்துக்குள் மிச்சம் இருக்கும் காற்று, அந்த இரைச்சலிலிருந்து தனக்குப் பொருந்திய அதிர்வெண்ணை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெரிதாக்குகிறது. தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைகிறது. இடம் குறைந்த காற்று வேகமாக அதிரும். அதனால் சுருதி ஏறுகிறது. குழாயை ஒரே அளவில் திறந்து வைத்திருந்தால் உரப்பில் அப்படியொன்றும் பெரிய மாற்றம் இருக்காது.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். குடத்துக்குக் கழுத்து ஒடுங்கியிருப்பதால் அதன் கணக்கு கொஞ்சம் சுற்றிப் போகும், போக்கு மட்டும் இதேதான். நேராக நிற்கும் நீளமான டம்ளரை எடுத்துக்கொள்ளுங்கள், ஜிகர்தண்டா கடையில் கொடுப்பது போல. அடி மூடியிருக்கும் குழாயில் காற்றின் அதிர்வெண், ஒலியின் வேகத்தைக் காற்றுத் தம்பத்தின் உயரத்தைப் போல் நான்கு மடங்கால் வகுத்தால் வரும். நம் ஊர் வெயிலில், 32 டிகிரியில், ஒலி வினாடிக்கு 350 மீட்டர் போகிறது. வெறும் டம்ளர் 16 செ.மீ. என்றால் சுமார் 550 ஹெர்ட்ஸ். பாதி நிறைந்தால் 8 செ.மீ. காற்று, சுமார் 1,100 ஹெர்ட்ஸ். அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே, கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு. கடைசி ஒரு விரற்கடையில் சுருதி விறுவிறுவென்று ஏறுவது இதனால்தான். எட்டிலிருந்து நாலு செ.மீ. ஆனாலும் ஒரு ஸ்தாயி, நாலிலிருந்து இரண்டு ஆனாலும் ஒரு ஸ்தாயி. அம்மா ஓடச் சொன்னது அந்த விறுவிறுப்பைக் கேட்டுத்தான்.

இதே கணக்கு நாதஸ்வரத்திலும் நடக்கிறது. நீளமான பாரி நாயனம் கீழ்ச் சுருதியில் பேசும், குட்டையான திமிரி மேலே கத்தும். பாரியைப் பரவலாக்கிய பெருமை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு. அதற்கு முன் கச்சேரிகளில் திமிரிதான். சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு, வழியாக ஊதும் காற்று உள்ளே இருக்கும் காற்றுத் தம்பத்தை ஆட்டுகிறது. விரலை எடுத்துத் துளையைத் திறந்தால் தம்பம் குட்டையாகிறது, சுரம் ஏறுகிறது.

இனி அந்த டம்ளர் வேடிக்கை. ஊற்றும்போது சுருதி ஏறியது, தட்டினால் இறங்குகிறது. பாடத்தில் தப்பு இல்லை. இரண்டு தடவையும் ஆடியது வேறு வேறு பொருள். ஊற்றும்போது ஆடியது டம்ளருக்குள் இருந்த காற்று. கரண்டியால் தட்டும்போது ஆடுவது டம்ளரின் கண்ணாடிச் சுவர். உள்ளே தண்ணீர் இருந்தால் சுவர் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத் தள்ளி ஆட வேண்டியிருக்கிறது. முதுகில் மூட்டை ஏற்றிய மாதிரி. சுமை கூடினால் ஆட்டம் மந்தமாகும், அதிர்வெண் குறையும், சுருதி இறங்கும். ஜலதரங்கம் வாசிப்பவர்கள் கிண்ணத்தில் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்ப்பது இதை வைத்துத்தான். இன்னொன்றையும் பாப்பா கவனிக்கட்டும்: அடியில் கால் பங்கு வரை தண்ணீர் ஊற்றினால் தட்டும் ஒலியில் அநேகமாக மாற்றமே இருக்காது. முக்கால் தாண்டின பிறகுதான் மளமளவென்று விழும். தட்டும்போது அதிகமாக ஆடுவது டம்ளரின் மேல் விளிம்பு. அடிப்பக்கம் கெட்டியாக நிற்கிறது, அங்கே சுமை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஆகவே சூத்திரத்தைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே ஆடுவது எது? காற்றா, சுவரா, தோலா, கம்பியா? அதைக் கண்டுபிடித்துவிட்டால், அதன் சுமை கூடினதா, இழுவிசை கூடினதா, நீளம் குறைந்ததா என்று பார்த்தால் போதும். சுருதி எந்தப் பக்கம் போகும் என்று கேட்காமலே சொல்லிவிடலாம்.

இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்து இருப்பதைப் பார்க்க மானாமதுரைக்குப் போக வேண்டும். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே செய்யும் கடத்துக்குக் கச்சேரி மேடைகளில் தனி மவுசு, அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. கடத்தைக் கையில் எடுத்தால் முதலில் கனம் தெரியும். தண்ணீர்ப் பானையைவிட ஓடு தடிமன் அதிகம். அந்த ஓட்டை விரலால் தட்டினால் 'டிங்' என்று கணீரென்று கேட்பது சுவரின் ஒலி. உள்ளங்கையால் அடித்தால் 'கும்' என்று ஆழத்திலிருந்து வருவது உள்ளே இருக்கும் காற்றின் ஒலி. வாசிப்பவர் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்துக் கொஞ்சம் மூடியும் திறந்தும் பிடிப்பார். வாய் மூடினால் அந்தக் 'கும்' கீழே வழுக்கும், திறந்தால் மேலே வரும். சுவரின் 'டிங்' அசையாது. அது சூளையிலேயே முடிவான விஷயம். ஓட்டின் தடிமனும் வளைவும் மண்ணின் இறுக்கமும் சேர்ந்து அதன் சுருதியைத் தீர்மானித்துவிடுகின்றன. அதனால்தான் கட வித்வான்கள் வெவ்வேறு சுருதிக்கு வெவ்வேறு கடம் வைத்திருக்கிறார்கள். மிருதங்கத்தைப் போல வாரை இழுத்து ஏற்றிக்கொள்ள முடியாது.

மீனாட்சி அம்மன் கோயில் இசைத்தூண்களும் இந்த வகைதான். ஒரே கல்லில் செதுக்கிய மெல்லிய தூண்கள் கொத்தாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். உள்ளே குடைந்திருக்கிறார்கள், பாதரசம் ஊற்றியிருக்கிறார்கள் என்றெல்லாம் கதை சொல்வார்கள். அதெல்லாம் தேவையே இல்லை. கெட்டிக் கல்லே போதும். இரண்டு முனையும் இறுகிய கல் கம்பி அது. தடிமன் கூடினால் விறைப்பு கூடிச் சுருதி ஏறும், நீளம் கூடினால் இறங்கும். சிற்பி உளியால் சீவிச் சீவித்தான் சுரத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். கொஞ்சம் அதிகம் சீவிவிட்டால் திரும்ப ஒட்ட வழியில்லை. தயவுசெய்து காசை வைத்துத் தட்டிப் பார்க்காதீர்கள். அப்படித் தட்டித் தட்டியே பாதித் தூண் பொறிந்து கிடக்கிறது.

தோல் வாத்தியம் இதற்கு நேர் எதிர், அதன் சுருதி நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். பறை அடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்திப் பறையின் முகத்தை அதில் காட்டுவார்கள். காய்ச்சுவது என்பார்கள். தோலில் இருக்கும் ஈரம் போனதும் அது சுருங்கப் பார்க்கும். ஆனால் சட்டம் விடாது. ஆகவே தோல் விறைக்கும், இழுவிசை கூடும். இடையிடையே விரலால் தட்டிப் பார்ப்பார்கள். 'தொப்' என்று இருந்தது மெல்ல மெல்ல 'டண்' என்று ஆகும்போது நெருப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும் என்ற வர்க்கமூலக் கணக்கு இதற்குப் பின்னால் இருக்கிறது. கம்பிகளுக்கு இந்த விதியைப் பிரான்ஸ் நாட்டு மெர்சென் 1636இல் அச்சில் போட்டார். மழைக்காலத்தில் அரை மணிக்கு ஒருமுறை பறை நெருப்புக்குப் போகும், சித்திரை வெயிலில் அந்த வேலை குறைவு.

இங்கே சின்னதாக ஒரு கிளைக்கதை. பறையின் ஒலி மேலே, கீழே என்று சொல்ல முடிகிறதே தவிர, அதோடு சேர்ந்து ஒரு சுரத்தைப் பாட முடிவதில்லை. மிருதங்கத்தோடு முடிகிறது. காரணம், தோல் ஒரே அதிர்வெண்ணில் ஆடுவதில்லை, பல அதிர்வுகள் சேர்ந்தே எழுகின்றன. வெறும் தோலில் அவை 1, 1.59, 2.14 என்று முழு எண்ணுக்கு வராத விகிதத்தில் இருக்கும். காதால் அவற்றை ஒன்றாகக் கோத்து ஒரு சுருதி என்று பிடிக்க முடியாது. மிருதங்கத்தின் நடுவில் கறுப்பாக அப்பியிருக்கும் கரணை, தோலின் நடுப்பகுதிக்குச் சுமை ஏற்றி அந்த விகிதத்தை 1, 2, 3 என்று ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இதைச் சோதித்து 1920இல் எழுதியவர் சர் சி.வி. ராமன், நோபல் பரிசு வாங்குவதற்குப் பத்து வருஷம் முன்பு. கரணையை முதலில் அப்பிப் பார்த்தவர் யாரோ, அவருக்கும் ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

நான் அசிங்கப்பட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன், பாப்பா அதே பள்ளத்தில் விழாமல் இருக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பைப் பார்வையிட அதிகாரி வந்திருந்தார். டிபன் பாக்ஸ் மேல் ரப்பர் பேண்டை மாட்டி, "பாருங்கள், நீளம் கூடினால் சுருதி இறங்கும்" என்று சொல்லிவிட்டு இழுத்து நீட்டிச் சுண்டினேன். இறங்கவில்லை. மறுபடி இழுத்தேன். கொஞ்சம் ஏறினது போல்கூட இருந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தான். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. ரப்பரை நீட்டும்போது நீளம் மட்டும் கூடுவதில்லை. இழுவிசையும் கூடுகிறது, ரப்பர் மெலிவதால் ஒவ்வொரு செ.மீ.க்கும் உள்ள எடையும் குறைகிறது. ஒன்று சுருதியை இறக்குகிறது, மற்ற இரண்டும் ஏற்றுகின்றன. நன்றாக நீட்டிய ரப்பரில் மூன்றும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சுருதி கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். நீளத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் இழுக்கக் கூடாது. வீணையில் செய்வது போல நடுவில் விரலை அழுத்த வேண்டும்.

மூன்றாவது கேள்வி, ஓங்கி அடித்தால் சுருதி ஏறுகிறதா? மணியில், கல்லில், கடத்தின் ஓட்டில் ஏறாது. ஆனால் உங்கள் மகள் கேட்டது முழுக்கப் பிரமையும் இல்லை. தொய்வான தோலை அல்லது கம்பியை ரொம்ப ஓங்கி அடித்தால், அது அவ்வளவு தூரம் வளைவதாலேயே ஒரு கணம் இழுவிசை கூடிவிடுகிறது. அந்தக் கணத்தில் சுருதி துளி மேலே தொடங்கி உடனே கீழே வழுக்கி உட்காரும். தொய்வான பெரிய மேளத்தை ஓங்கி அடித்தால் 'டொய்ங்' என்று ஒரு இறக்கம் கேட்கிறதே, அதுதான். ஊஞ்சல் கணக்கு சிறிய ஆட்டத்துக்குத்தான் சுத்தமாகப் பொருந்தும் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் நம் தொண்டை. ஆணின் குரல்நாண்கள் பேசும்போது வினாடிக்கு 100 முதல் 130 தடவை வரை அதிர்கின்றன, பெண்ணுக்கு 200ஐ ஒட்டி, குழந்தைக்கு 300 அளவில். மெதுவாகப் பேசுகிறவரிடம் போய்ச் சண்டை மூட்டிப் பாருங்கள், உரப்போடு சேர்ந்து சுருதியும் ஏறிவிடும். நுரையீரலிலிருந்து காற்றை அழுத்தித் தள்ளும்போது குரல்நாண்களும் இறுகிவிடுவதால் வரும் வினை. தினமும் இப்படியே கேட்டுப் பழகிய காது, பலமான ஒலி என்றாலே மேல்சுருதி என்று முடிவு கட்டிக்கொள்கிறது. பயிற்சி உள்ள பாடகர் இரண்டையும் பிரித்துவிடுவார். மதுரையில் 1916இல் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி மேல் ஸ்தாயியில் நின்றபடி குரலை ஒரு இழையாக மெலிப்பதைக் கேட்டால் போதும், சுருதி அப்படியே நிற்க உரப்பு மட்டும் வடியும். நம் கோயில் மணி செய்ததேதான்.

உரப்பைப் பற்றிப் பாடம் சொல்லும் ஒற்றை வரி, வீச்சு கூடினால் உரப்பு கூடும் என்பது, ஒரே சுருதிக்குள் சரி. சுருதி மாறினால் போதாது, ஏனென்றால் உரப்பு என்பது காதும் சேர்ந்து போடும் கணக்கு. நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ரொம்பக் கூர்மை, கீழே போகப் போக மந்தம். காதுக்குள் ஒரு கொசு நுழைந்தால் தூக்கம் போகிறது. அதன் இறகு வினாடிக்கு ஐந்நூறு தடவை அளவில் அடிக்கிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் இராத்திரி முழுக்க 100 ஹெர்ட்ஸில் முனகுகிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இரும்பு ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை விரிந்து சுருங்குவதால் 100. அதன் பக்கத்தில் நின்றால்கூடத் தூங்கலாம். காற்றில் ஒரே அழுத்தத்தை உண்டாக்க, கீழ்ச் சுருதிக்கு அதிக வீச்சும் வேண்டும். 50 ஹெர்ட்ஸுக்குத் தேவையான வீச்சு 5,000 ஹெர்ட்ஸுக்குத் தேவைப்படுவதைவிட நூறு மடங்கு. அதனால்தான் பேஸ் ஸ்பீக்கரின் காகிதம் புசுபுசுவென்று முன்னும் பின்னும் ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, சின்ன ஸ்பீக்கரில் ஒன்றும் தெரிவதில்லை.

ஆடி மாதம் மரக்கிளையில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் மூன்று ஊர் தாண்டிக் கேட்பதற்கும் இதில் பங்கு உண்டு. அது பேஸை விட்டுவிட்டு, காது கூர்மையாக இருக்கும் இடத்திலேயே சக்தியைக் கொட்டுகிறது. போதாததற்குக் கூம்பு வடிவம், அந்தச் சக்தியை நாலாபக்கமும் சிதறவிடாமல் ஒரே பக்கம் தள்ளுகிறது. சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணிக்கு மேல் 45. எங்கள் தெருவில் போன வருஷக் கோயில் கொடையின்போது செல்போனில் அளந்தேன், என்ன காட்டியது என்று சொன்னால் சண்டை வரும்.

டெசிபெல் ஏறும் விதமும் நேர்க்கோடு இல்லை. பத்து டெசிபெல் கூடினால் சக்தி பத்து மடங்கு, காதுக்குத் தோன்றுவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. 45க்கும் 75க்கும் வித்தியாசம் முப்பதுதானே என்று நினைக்கக் கூடாது, சக்தியில் அது ஆயிரம் மடங்கு. இத்தனைக்கும் ஆடும் தூரம் எவ்வளவு தெரியுமா? 1,000 ஹெர்ட்ஸில் காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியில், காற்று ஓர் அணுவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குகூட அசைவதில்லை. காது வலிக்கத் தொடங்கும் 120 டெசிபெலில் அந்த அசைவு பத்து லட்சம் மடங்கு, அப்போதும் ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

கடைசியாக, செலவில்லாத ஒரு சோதனை. சமயநல்லூர்ப் பக்கம் ரயில் பாதையிலிருந்து பத்திரமான தூரத்தில், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, ஹாரன் அடித்தபடியே கடந்து போகும் எக்ஸ்பிரஸ் ஒன்றைக் கேளுங்கள். கிட்டே வரவரச் சுருதி ஏறும் என்று பலர் சொல்வார்கள். ஏறாது, ஏறுவது உரப்பு மட்டும். வண்டி ஒரே வேகத்தில் வந்தால் சுருதி, இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் மேலே, ஒரே இடத்தில் நிற்கும். நம்மைக் கடக்கும் அந்த இரண்டொரு வினாடியில்தான் சரேலென்று விழும், அப்புறம் விழுந்த இடத்திலேயே நிற்கும், உரப்பு மட்டும் தேய்ந்துகொண்டே போகும். வண்டி மணிக்கு 90 கிலோமீட்டர், ஹாரன் 400 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் வரும்போது 431, போகும்போது 373. பாடுகிறவர்கள் சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கில் ஒரு கட்டைக்குக் கொஞ்சம் மேல். பாப்பா ஆர்மோனியம் வாசிப்பாள் என்றால் வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு சுரத்தையும் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.